பன்னிரண்டு மாதக் கட்டளை

உப்புவெளி,
04.03.2024

தங்கச்சி பரீதாவுக்கு,

எழுபத்தொரு வயதில் என்னை என் வீட்டிலிருந்து வெளியேற்றிவிட்டார்கள். வெளியேற்றியது என் மகள் றிஷானா. போன மாதம் இருபத்தாறாந் திகதி நீதவான் நீதிமன்றம் அவள் கேட்டபடியே பாதுகாப்புக் கட்டளை கொடுத்திருக்கிறது. பன்னிரண்டு மாதத்துக்கு நான் அந்தப் படலையைத் தாண்டக் கூடாது. அவளோடும் பேத்தி ஜெஸ்மினோடும் பேசக் கூடாது. அவள் வேலை செய்யும் இடத்துக்கும் போகக் கூடாது. ஸலாத்துக்கு முன்னால் இதை எழுதியதற்குக் கோபிக்காதே. அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

நம் வழக்கப்படி அந்த வீட்டை அவளுக்குக் கட்டிக் கொடுத்தவன் நான். கலியாணத்தன்று வீட்டு உறுதிப் பத்திரம் அவள் பெயருக்கு மாறியது. நான் மௌத்தாகும்வரை அங்கே இருக்கும் உரித்து எனக்கு என்று நொத்தாரிசு அதிலேயே எழுதியிருக்கிறார். மருமகன் பஹ்மி கத்தாருக்குப் போன நாலு வருஷமும் ஆண் துணை இல்லாத அந்த வீட்டுக்குக் காவல் இருந்தவனும் நான்தான்.

விசாரணைக்கு நான் போகவில்லை. பொலிஸ் கொண்டுவந்த கடதாசிகளையும் கையில் வாங்கவில்லை. பெற்ற மகளுக்கு எதிரே நின்று கதைக்க எனக்கு ஏலாது. நான் வராததால் அவள் சொன்னதையே வைத்துக் கட்டளையை எழுதிவிட்டார்கள். இப்போது மேல் நீதிமன்றத்துக்கு மேன்முறையீடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். துறைமுகத்து இழுவைப் படகில் கயிறு பிடித்த முப்பத்தொரு வருஷமும், கப்பலுக்குக் காத்திருந்த நேரங்களில்தான் வாசிக்கப் பழகினேன். சட்டப் புத்தகமும் அதே எழுத்தில்தான் இருக்கிறது.

என் வாதம் ஒன்றுதான். நான் எவர் மேலும் கை நீட்டவில்லை. கட்டளையில் சொல்லும் அந்த நாளில் கண் கிளினிக்குக்கு வந்து நீயும் அந்த வீட்டில்தான் நின்றாய். ஆகையால் எனக்காக ஒரு சத்தியக்கடதாசி எழுதி அனுப்பு. நாலு வரி போதும். தொலைபேசியில் சொல்லாதே. பேச்சை எவரும் வழக்குக் கோவையில் சேர்க்க மாட்டார்கள்.

நான் இருப்பது படகில் கூட வேலை செய்த முஹம்மது தம்பியின் வீட்டில். விலாசம் உறையின் பின்பக்கம் இருக்கிறது. உன் மகன் சஜீத்துக்கு என் துஆ.

உன் காக்கா,
அபூதாஹிர்


புல்மோட்டை,
21.03.2024

அன்புள்ள காக்காவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். இன்றைக்கு நோன்பு பத்து. அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். என் முழங்கால் பழைய மாதிரித்தான். குசினிக்கும் முற்றத்துக்கும் நடக்கிறேன், அதற்கு அப்பால் சஜீத் பிடித்தால்தான். அவனுக்கு மணல் ஆலையில் வேலை கூடிவிட்டது, நோன்பு திறக்கும் நேரத்துக்குத்தான் வந்து சேர்கிறான்.

பிரஷர்க் குளிசையை ஸஹர் நேரத்தில் மறக்காமல் போடுங்கள். முஹம்மது தம்பி வீட்டில் உப்பு அதிகம் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். வீட்டைப் பற்றி இருக்கிறது, உறுதியைப் பற்றி இருக்கிறது, கை நீட்டாததைப் பற்றி இருக்கிறது. பூட்டைப் பற்றி ஒன்றும் இல்லை. மனுவில் அதை எழுதினீர்களா?

சஜீத் கூப்பிடுகிறான். மிச்சத்தைப் பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பாருங்கள்.

தங்கச்சி,
சித்தி பரீதா


உப்புவெளி,
02.04.2024

பரீதாவுக்கு ஸலாம். இங்கே நலம். குளிசை போடுகிறேன்.

மனுவைப் போன மாதம் ஏழாந் திகதியே கொடுத்துவிட்டேன். கொடுப்பதற்குப் பதினான்கு நாள் இருக்கிறது, நான் பத்தாவது நாளில் கொடுத்தேன். பதிவகத்தில் இருந்த எழுதுவினைஞர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, உங்கட சட்டத்தரணி ஆர்?"

"நான்தான்."

"நீங்கள் சட்டத்தரணியோ?"

"இல்ல. மனுக்காரன். எழுதத் தெரிஞ்ச மனுக்காரன்."

"அப்ப பக்க இலக்கம் போட்டுக்கொண்டு வாங்கோ. இலக்கம் இல்லாட்டி நான் எடுக்க மாட்டன்."

வெளியே படிக்கட்டில் இருந்து இருபத்துமூன்று பக்கத்துக்கும் இலக்கம் போட்டேன். திரும்பக் கொண்டுபோனதும் பெருமூச்சு விட்டு முத்திரை குத்தினார்.

பூட்டு வேறு விசயம். நீ கேட்டதால் எழுதுகிறேன். டிசம்பரில் றிஷானா இங்கே உப்புவெளியில் ஒரு விடுதிக்குக் காலைச் சாப்பாடு சமைக்கப் போகத் தொடங்கினாள். புருஷன் சம்மதித்துவிட்டானாம். கத்தாரில் இருப்பவன் சம்மதிக்கலாம், பள்ளி வாசலில் நாலு பேர் கேட்கும்போது பதில் சொல்கிறவன் நான். ஆகையால் நான் வெளியே போகும் நேரங்களில் படலையை வெளிப்பக்கம் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனேன். அவளுடைய தொலைபேசியையும் எடுத்துவைத்தேன். அது வீட்டின் பாதுகாப்புக்கு. படகில் கயிற்றறையைக் கடைசியாக இறங்குகிறவன் பூட்டுவான், எவரும் அதை வன்முறை என்று சொன்னதில்லை. இதை மனுவில் எழுத வேண்டிய அவசியம் இல்லை.

மிச்சத்தைப் பிறகு எழுதுவதாகச் சொன்னாய். சத்தியக்கடதாசியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே.

காக்கா


உப்புவெளி,
20.05.2024

தங்கச்சி பரீதாவுக்கு,

ஸலாம். ஏழு கிழமையாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. பெருநாளும் போய்விட்டது. நீ சுகமில்லாமல் இருக்கிறாயோ என்று நினைத்தேன். போன வாரம் பஸ் நிலையத்தில் சஜீத்தின் கூட்டாளி ஒருவனைக் கண்டேன், நீ நல்ல சுகம் என்றான். அல்ஹம்துலில்லாஹ்.

கட்டளையை நான் எழுத்துக்கு எழுத்துக் காக்கிறேன் என்பதை உனக்குச் சொல்ல வேண்டும். அவள் சமைக்கும் விடுதி நான் இருக்கும் தெருவின் முடிவில்தான். அவள் வேலை செய்யும் இடம் என்பதால் பள்ளிக்குப் போகும்போது அந்தத் தெருவால் போகாமல் கடற்கரை மணலால் சுற்றிப் போகிறேன். பிழையான கட்டளை என்றாலும் மாற்றும்வரை கட்டளைதான்.

போன சனிக்கிழமை முஹம்மது தம்பி காலையில் ஒரு பார்சலோடு வந்தான். இடியப்பமும் சொதியும். நான் இரண்டு வாய் தின்றதும் சிரிக்கத் தொடங்கினான்.

"எப்பிடிச் சொதி?"

"நல்லம். கொஞ்சம் புளி கூட."

"உன்ட மகள்ட கை, அபூதாஹிர். விடுதியில வாங்கின. இப்ப என்ன செய்யப் போறாய், துப்பப் போறியா?"

"கட்டளையில சாப்பாட்டப் பத்தி ஒண்டுமில்ல" என்று சொல்லிவிட்டு மிச்சத்தையும் தின்றேன். அவன் இன்றுவரை அதைத் தெருவெல்லாம் சொல்லித் திரிகிறான்.

ஒக்டோபரில் மேன்முறையீடு விசாரணைக்கு வரும். அதற்குமுன் உன் சத்தியக்கடதாசி எனக்கு வேண்டும். இது மூன்றாவது தடவை கேட்கிறேன்.

காக்கா


புல்மோட்டை,
03.06.2024

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். எனக்குச் சுகம். பதில் எழுதாதது சுகமில்லாததால் அல்ல.

உங்களுக்காக எழுதித் தர எனக்கு ஏலாது. ஏன் என்று கேட்டுக் கடிதம் எழுதுவீர்கள். நீதிமன்றத்தில் வழக்குக் கோவையின் பிரதி எடுக்கலாம் என்று சஜீத் சொல்கிறான். எடுங்கள். எடுத்தால் முதற்பக்கத்தோடு நிறுத்தாமல் முழுவதையும் வாசியுங்கள்.

ஜெஸ்மின் நாலாம் வகுப்பில் நல்ல புள்ளி எடுத்திருக்கிறாள். அதை எழுதுவது கட்டளையை மீறுமா என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

சித்தி பரீதா


உப்புவெளி,
08.07.2024

பரீதாவுக்கு,

அத்தாட்சிப்படுத்திய பிரதி இன்று கிடைத்தது. நாற்பத்தொரு பக்கம். றிஷானாவின் விண்ணப்பத்துக்குப் பின்னால் ஒரு சத்தியக்கடதாசி இருக்கிறது. பதினான்கு பந்தி. ‘சித்தி பரீதா ஆகிய நான்’ என்று தொடங்குகிறது. திகதி பெப்ரவரி இரண்டு.

நான் உன்னிடம் முதன்முதல் கேட்டது மார்ச் நாலாந் திகதி. ஒரு மாதத்துக்கு முன்னமே மற்றப் பக்கத்துக்குக் கையெழுத்து வைத்துவிட்டு, என் குளிசையையும் முஹம்மது தம்பி வீட்டு உப்பையும் விசாரித்திருக்கிறாய்.

இதற்கு மேல் எனக்கு எழுத ஒன்றும் இல்லை.

அபூதாஹிர்


புல்மோட்டை,
25.07.2024

அன்புள்ள காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் ஸலாம் எழுதவில்லை. நான் எழுதுகிறேன்.

மறைத்தது என் பிழை. உங்கள் கடிதம் வந்த அன்றே சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் எனக்கு வாப்பாவின் இடத்தில் இருந்தவர். சொல்ல வாய் வரவில்லை, பேனாவும் வரவில்லை.

ஆனால் நாலு மாதமாக நீங்களும் ஒன்றைக் கேட்கவில்லை. ‘கை நீட்டினேனா’ என்று கேட்டீர்கள். ‘பரீதா, நீயும் அன்றைக்கு உள்ளே இருந்தாயே, உள்ளே என்ன நடந்தது’ என்று ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் எழுதுகிறேன்.

ஜனவரி பத்தொன்பது, வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணிக்கு ஜும்ஆவுக்குப் போகும்போது படலையைப் பூட்டினீர்கள். ஒரு மணிபோல ஜெஸ்மினுக்கு மூச்சிழுப்புத் தொடங்கியது. வாயில் வைத்து இழுக்கும் மருந்துப் பம்ப் இரண்டு தடவை அழுத்தியதும் முடிந்துவிட்டது. றிஷானாவின் தொலைபேசி உங்கள் சாரத்து மடியில். என்னுடையதில் சார்ஜ் இல்லை, அன்றைக்கு மின்சாரமும் இல்லை. படலையடியில் நின்று கத்தினோம். காக்கா, அது முழுக்க நம் ஆட்களின் தெரு. ஜும்ஆ நேரத்தில் ஒரு ஆண் பிள்ளைகூடத் தெருவில் இல்லை. நான் தகரப் படலையை இரும்பு அகப்பையால் அடித்தேன். என் கை இன்னும் நோகிறது.

பிள்ளையின் நகம் நீலமாகிவிட்டது. ‘மூத்தப்பா எப்ப வருவார்’ என்று கேட்கவும் அவளுக்கு மூச்சு இல்லை, வாயசைத்தாள், நான் விளங்கிக்கொண்டேன்.

கடைசியில் பின் மதிலுக்கு அந்தப் பக்கத்துக் குலசிங்கம் அண்ணனுக்குத்தான் கேட்டது. அலவாங்கோடு சுற்றி ஓடி வந்தார். உங்கள் ஆமைப்பூட்டு உடையவில்லை, கொண்டியைத்தான் பெயர்த்தார். ஓட்டோவும் அவர்தான் பிடித்தார். ஆஸ்பத்திரியில் முகத்தில் மூடி போட்டு மருந்துப் புகை பிடித்து அரை மணித்தியாலத்துக்குப் பிறகுதான் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது.

நீங்கள் பள்ளி நிர்வாகக் கூட்டம் முடிந்து மூன்றரைக்கு வந்தீர்கள். வந்து நின்று முதலில் கேட்டது, "பூட்ட உடைச்சது ஆர்?" பிள்ளை எங்கே என்று இல்லை. பூட்டை உடைத்தது யார் என்று. இதை மட்டும் நான் சத்தியக்கடதாசியில் எழுதவில்லை. எழுத மனம் வரவில்லை.

றிஷானா என்னைக் கெஞ்சவில்லை. எவரும் எனக்குச் சொல்லித்தரவும் இல்லை. சட்டத்தரணி தட்டச்சு அடித்து அனுப்பியதைக் குசினியில் கதிரையில் இருந்து நானே முழுவதும் வாசித்தேன், கையெழுத்து வைத்தேன். முழங்கால் ஏலாததால் சஜீத்தான் அதைச் சமாதான நீதவானிடம் கொண்டுபோய் முத்திரை வாங்கி வந்தான். இது முழுக்க என் சொல்.

கோபம் தீர்ந்தால் எழுதுங்கள். தீராவிட்டாலும் குளிசை போடுங்கள்.

உங்கள் தங்கச்சி,
சித்தி பரீதா


உப்புவெளி,
12.08.2024

பரீதாவுக்கு,

ஸலாம். உன் கடிதத்தின் மூன்றாம் பக்கம் எனக்கு வழக்கை வென்று தரும்.

நீ அறியாமல் எழுதியிருக்கிறாய். சத்தியக்கடதாசி என்றால் சமாதான நீதவானின் முன்னால் போய், வாசித்து விளங்கி, அவர் பார்த்திருக்கக் கையெழுத்து வைக்க வேண்டும். ஆள் வீட்டில் இருக்கக் கடதாசி மட்டும் போய் முத்திரை வாங்கி வந்தால் அது வெறும் கடதாசி. ஊரில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று எனக்கும் தெரியும். சட்டத்தில் அப்படி இல்லை.

சனூஸா என்று ஒரு இளம் சட்டத்தரணியிடம் போனேன். என்னை "ஹாஜியார்" என்று கூப்பிட்டாள். நான் ஹஜ்ஜுக்குப் போகவில்லை, அப்படிக் கூப்பிடாதே என்றேன். உன் கடிதத்தைக் காட்டினேன். இரண்டு தடவை வாசித்தாள். நீதவான் முக்கியமாக எடுத்தது உன் சத்தியக்கடதாசியைத்தான், அது விழுந்தால் கட்டளை நிற்பது கஷ்டம் என்றாள். உன்னையும் முத்திரை போட்டவரையும் நீதிமன்றம் கூப்பிட்டு விசாரிக்கலாம் என்றும் சொன்னாள்.

ஒக்டோபர் பதினைந்தாந் திகதி உன் கடிதத்தை நீதிமன்றத்தில் கொடுப்பேன். முன்னறிவித்தல் கொடுப்பது முறை என்பதால் எழுதுகிறேன். நீ எனக்குக் கொடுக்காதது அது.

அபூதாஹிர்


புல்மோட்டை,
30.08.2024

அன்புள்ள காக்காவுக்கு,

ஸலாம். கொடுங்கள்.

கூப்பிட்டால் சஜீத்தைப் பிடித்துக்கொண்டு வருவேன். கையெழுத்து வைத்த இடம் பிழை என்று கேட்டால் ஓம் என்பேன். எழுதியது பிழையா என்று கேட்டால் இல்லை என்பேன். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

போன ஞாயிறு றிஷானா பிள்ளையோடு வந்து நின்றாள். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். "வாப்பா குடுப்பாரா மாமி?" என்று கேட்டாள். "குடுப்பார். சொன்னா சொன்னதுதான்" என்றேன். அவள் போய் எனக்கு முருங்கையிலை ஆய்ந்து தந்தாள். ஆய்ந்து முடிந்து சொன்னாள், "கட்டள போனா நான் பிள்ளையோட இஞ்ச வந்துருவன் மாமி. அந்த வீட்ட வாப்பாவே வெச்சிக்கட்டும்."

அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கொடுத்தால் என் கடிதம் முழுவதையும் கொடுங்கள். மூன்றாம் பக்கத்தை மட்டும் கிழித்துக் கொடுக்காதீர்கள்.

சித்தி பரீதா


உப்புவெளி,
21.10.2024

தங்கச்சி பரீதாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் முழங்காலுக்கு முஹம்மது தம்பி ஒரு எண்ணெய் கொடுத்தான், பார்சலில் வைத்திருக்கிறேன். மணம் நல்லதில்லை.

வழக்குக்குப் பத்து நாள் முன்னால் சனூஸா என்னைக் கூப்பிட்டாள். "ஐயா, அந்தச் சத்தியக்கடதாசி முறையாச் செய்யல்ல எண்டு நான் எடுக்கிறன். சரி. அதோட, அதில எழுதினது பொய் எண்டும் சொல்லுறீங்களா? சொன்னா எது எது பொய் எண்டு எனக்குத் தெரியோணும்" என்று பிரதியையும் ஒரு பென்சிலையும் தந்தாள். "பொய்க்குக் கீழ கோடு போட்டுக்கொண்டு வாங்க."

நல்ல வேலை என்று சந்தோசமாகத்தான் கொண்டுவந்தேன். மூன்று நாள் வைத்திருந்தேன். முதல் நாள் பதினான்கு பந்தியையும் வாசித்தேன். இரண்டாம் நாள் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசித்தேன். மூன்றாம் நாள் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வாசித்தேன். முஹம்மது தம்பி எட்டிப் பார்த்து, "என்னடாப்பா, கோட்டக் காணல்ல, பென்சில் கூர் இல்லையா?" என்றான். பென்சில் கூராகத்தான் இருந்தது. அது ஒரே ஒரு இடத்தில் நின்றது. அந்த இடத்தை இக்கடிதத்தின் முடிவில் எழுதியிருக்கிறேன்.

பதினைந்தாந் திகதி நீதிமன்றத்தில் உன் கடிதம் முழுவதும் என் கோவையில் இருந்தது. எழும்பி நின்று மேன்முறையீட்டை மீளப் பெறுகிறேன் என்று நானே சொன்னேன். சனூஸா திரும்பிப் பார்த்தாள். நீதிபதி காரணம் கேட்டார். காரணம் சொல்ல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்படியென்றால் சொல்லவில்லை என்றேன். நீதிபதி சிரித்த மாதிரி இருந்தது, எனக்குச் சரியாகத் தெரியவில்லை. உன் கடிதம் எவர் கைக்கும் போகவில்லை. அது என்னிடம் இருக்கிறது.

கட்டளை சரி என்று நான் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தக் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தாலும் அப்படி ஒரு வரி இருக்காது. கட்டளை பெப்ரவரி இருபத்தாறாந் திகதி முடியும். அதற்குமுன் செய்ய வேண்டியவை கீழே இருக்கின்றன. எல்லோருக்கும் என் ஸலாமை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

றிஷானா: கட்டளை தொடர வேண்டும் என்றால் முடியுமுன் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும். வேண்டுமா வேண்டாமா என்பதில் நான் அபிப்பிராயம் சொல்லவில்லை. இது சட்ட அறிவித்தல் மட்டும், உன் வழியாகச் சொன்னால் கட்டளை மீறல் ஆகாது என்று சனூஸாவிடம் கேட்டுக்கொண்டேன். எதுவானாலும் அவள் வீட்டை விட்டுப் புல்மோட்டைக்கு வரத் தேவையில்லை. வீடு அவளுடையது. என் சீவிய உரித்தை விட்டுக்கொடுக்கும் கடதாசியை நொத்தாரிசு எழுதிக்கொண்டிருக்கிறார்.

பஹ்மி: ஜெஸ்மினின் பம்ப் வீட்டில் எப்போதும் இரண்டு இருக்க வேண்டும். ஒன்று பள்ளிக்கூடப் பையில். கத்தாரிலிருந்து அனுப்பட்டும்.

நான்: குலசிங்கத்தைக் காண வேண்டும். அவர் வீடு அந்த மதிலோடு ஒட்டியிருப்பதால் அங்கே போக மாட்டேன். செவ்வாய்க்கிழமைகளில் சந்தைக்கு வருவார்.

சஜீத்: ஒரு நாள் லீவு போட்டு, ஓட்டோ பிடித்து, உம்மாவைச் சமாதான நீதவானிடம் நேரில் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அவர் பார்த்திருக்க நீ கையெழுத்து வைக்க வேண்டும். பழையதைப் போல ஒன்றைக் கொண்டுபோனால், என்னைப் போல ஒருவன் அடுத்த தடவை அதை உடைப்பான்.

நீ: புதுச் சத்தியக்கடதாசியில் பதினான்கு பந்தியும் அப்படியே இருக்கட்டும். ஆறாம் பந்தியில் நான் பன்னிரண்டு மணிக்குப் பூட்டியதாக இருக்கிறது. அது பிழை. ஜும்ஆவுக்கு முன்னால் எனக்குத் துறைமுகத்தடியில் ஒரு அலுவல் இருந்தது. பத்தரைக்கே பூட்டிவிட்டேன். நீங்கள் இருவரும் குசினியில் இருந்தீர்கள், சத்தம் கேட்காமல் கொண்டியைப் போட்டேன். இது உனக்கு நேரில் தெரியாத விசயம் என்பதால், ‘என் சகோதரர் தன் கைப்பட எனக்கு அறிவித்தபடி’ என்று எழுதி, இந்தக் கடிதத்தை அதன் பின்னால் இணைக்க வேண்டும்.